சோற்று அண்டாவை இறக்கிவிட்டு ஏறியவர்

வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்குப் போஜன் அண்ணன் போன் செய்தார். குதிரைச் சேணத்தின் வயிற்றுப் பட்டையில் புது வளையம் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். "தம்பி, ரெஜினாக்கா போயிட்டாங்க. ஆஸ்பத்திரியிலயேங்க" என்றார். என் வாயில் வந்த முதல் வார்த்தை, "அப்ப சனிக்கிழமை?" என்பதுதான். அவர் போனை வைத்துவிட்டார்.

அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று பிறகு இரண்டு பேர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சனிக்கிழமை எங்கள் முகாம். அக்காவைத் தவிர, உடல் ஊனமுற்ற ஏழு பேர் குதிரைகளில் ஏறி, தேயிலை முடிந்து புல்வெளியும் சோலையும் தொடங்குகிற, ஜீப்பும் ஏறாத ஒரு மேட்டில் ஓரிரவு தங்குவதாக இருந்தது. அந்த இடம் எஸ்டேட்டுக்குச் சொந்தம். புதிதாக வந்த மேனேஜர், "இந்த ஒரு தடவை பார்க்கிறேன்" என்று ரெஜினா அக்காவின் பெயருக்கு அனுமதிக் கடிதம் கொடுத்திருந்தார். இந்த முகாம் நடக்காவிட்டால் எஸ்டேட் கேட் எங்களுக்கு இனித் திறக்காது. அக்காவிடம் யாராவது என் சாவுச் செய்தியைச் சொல்லியிருந்தால், அவரும் சனிக்கிழமையைப் பற்றித்தான் முதலில் கேட்டிருப்பார்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரெஜினா அக்கா கோத்தகிரிப் பக்கம் அந்த எஸ்டேட் ஆபீசில் டைப்பிஸ்ட். போலியோ வந்த வலது காலுக்கு இரும்புச் சட்டம், கக்கத்தில் ஓர் ஊன்றுகோல். ஆபீஸ்காரர்கள் வருஷா வருஷம் அந்த மேட்டுக்குப் பிக்னிக் போவார்கள். "நீங்க இங்கயே இருங்க மேடம், உங்களுக்குப் பார்சல் கொண்டாந்துடறோம்" என்பார்கள். பல வருஷம் பார்சல் சாப்பிட்டார். ஒரு வருஷம், தக்காளிச் சோற்று அண்டாவை மட்டக்குதிரை ஒன்றின் மேல் கட்டி ஏற்றுவதைப் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க, சோத்து அண்டா போற எடத்துக்கு நான் போகக்கூடாதுங்களா?"

அண்டா இறங்கியது. அவர் ஏறினார். குதிரை மறுபடி கீழே போய் அண்டாவைக் கொண்டுவர, அன்று எல்லோரும் மத்தியானச் சோற்றை நாலு மணிக்குத்தான் சாப்பிட்டார்களாம். "எல்லாரும் திட்டுனாங்க. ஆனா மேல உக்காந்துட்டுத் திட்டு வாங்கறது சொகமுங்க" என்பார். அந்தக் குதிரைக்காரர்தான் போஜன் அண்ணன். சீசனில் ஊட்டிக்கு வரும் சுற்றுலாக்காரர்களை ஏற்றுவார். மற்ற நாளில் கேரட் மூட்டை இறக்குவார். அடுத்த வருஷமே நடக்க முடியாதவர்கள், பார்வையில்லாதவர்கள் என்று நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு இருவரும் முகாமைத் தொடங்கிவிட்டார்கள்.

நான் வந்தது பிற்பாடு. மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு கொண்டை ஊசி வளைவில் பைக்கோடு விழுந்தேன். முதுகுத்தண்டு போனது, இடுப்புக்குக் கீழே எதுவும் வேலை செய்யாது. மெக்கானிக்கல் படித்தவன் நான். மாற்றுப் பாகம் கிடையாது என்று டாக்டர் சொன்னதும், வீட்டோடு உட்கார்ந்துவிட்டேன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் எப்படி விழுந்தாய் என்று கேட்டார்கள். அக்கா கேட்டது வேறு.

"உங்க எடை என்னங்க?"

"எதுக்கு?"

"குதிரைக்குச் சொல்லணுமில்லீங்க."

முதுகு நிற்காதவர்கள் உட்கார, சேணத்தில் ஒரு சாய்மானம் தேவைப்பட்டது. செய்தேன். கூடவே கார் சீட்டில் இருப்பதுபோல் உறுதியான ஒரு பெல்ட்டும் வைத்தேன். அக்கா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். சரிவின் கோணம், இழுவிசை எல்லாம் கணக்குப் போட்ட தாளை நீட்டிச் சத்தம் போட்டேன். பெல்ட் இல்லாமல் ஏறவே மாட்டேன் என்றேன்.

"செரீங்க. மொதல்ல உங்க எடைக்கு முட்டைக்கோஸ் ஏத்திப் பாக்கலாம்."

ஐம்பத்தெட்டு கிலோ முட்டைக்கோஸைச் சாக்கில் கட்டி, என் பெல்ட்டைப் போட்டு, புல்லட் என்கிற மட்டக்குதிரையின் மேல் வைத்தோம். பெயர்தான் புல்லட், மூன்று குதிரைகளில் அதுதான் மந்தம். ரோட்டோரத்துச் செங்குத்துச் சரிவில் ஏற்றி இறக்கியும் மூட்டை அசையவில்லை. நான் எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்தேன். ஓடையருகே தண்ணீர் குடிக்கப் போஜன் அண்ணன் கயிற்றைத் தளர்த்தினார். புல்லட் முன்னங்காலை மடக்கிப் படுத்தது. நாலு காலையும் வானத்துக்குத் தூக்கி, இப்படியும் அப்படியும் சுகமாக உருண்டது. பெல்ட் மூட்டையை விடவே இல்லை.

"வேர்த்தா அது எப்பவும் உருளுமுங்க தம்பி" என்றார் போஜன் அண்ணன்.

"முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்க கேக்கலீங்களே."

அக்கா சாக்கைப் பிரித்தார். "எஞ்சினியர் சார் பொரியலுக்கு ரெடிங்க!" சிரித்து ஓய்ந்தபின் என்னிடம் சொன்னார்: "கட்டுனா சுமை. புடிச்சுக்கிட்டாத்தான் ஆளு." அன்றிலிருந்து பெல்ட் இல்லை. ஏறியவரின் தொடையில் கை வைத்தபடி இரு பக்கமும் உதவிக்கு வரும் இரண்டு பேர் நடப்பார்கள். குதிரை படுத்தால் ஆளை அந்தக் கணமே இழுத்துக்கொள்வார்கள்.

முகாமில் அவர் முதலில் போடச் சொல்வது கக்கூஸ் கூடாரம். எங்களைப் போன்றவர்கள் வெளியே போனால், எங்கே ஒதுங்குவது என்று பயந்து தண்ணீரே குடிப்பதில்லை. அதை அவர் ஒழித்தார். டம்ளரைக் காலி செய்யும்வரை எதிரில் நிற்பார். ஒருமுறை காட்டெருமை ஒன்று பாதையை மறித்தபோது, "ஓடறவனைத்தான் அது தொரத்தும். நம்மள்ள ஓடறவங்க யாருங்க?" என்றார். அது போகும்வரை நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றோம்.

குறையும் சொல்ல வேண்டும். பிடிவாதக்காரர். இரண்டு கிலோமீட்டர் ஏற ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடந்த ஆறு மாதமாக அடிக்கடி லீவு போட்டுக் கோயம்புத்தூர் போனார். இதயம் பலவீனமாகிவிட்டதாம். யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் எதற்குப் போகிறீர்கள் என்று நானும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை கல்லறைத் தோட்டத்தில், மண் போட்டு முடிந்தபின் மேனேஜர் என்னிடம் வந்தார். "நாளைக்கு வேண்டாமே. அவங்களுக்கு மரியாதையா இருக்காது."

"மரியாதைன்னா கேட்டைத் திறந்துவிடுங்க சார்" என்றேன்.

"பொறுப்பு அவங்க பேர்ல இருந்தது. இப்ப யார் பேர்ல?"

"என் பேர்ல."

அவர் என் சக்கர நாற்காலியைப் பார்த்தார். அப்போது எங்கள் ஏழு பேரில் ஒருவரான, பார்வையில்லாத தாமஸ் சார் குறுக்கே வந்தார். பள்ளி ஆசிரியராக இருந்த குரல்.

"சார், அக்காவோட கடுதாசி எங்ககிட்டத்தான் இருக்கு. கையெழுத்து எங்க போடணுமோ அங்க என் விரலை வைங்க. நாங்க ஏழு பேரும் போடறோம்."

என் பையிலிருந்த கடிதத்தை மடியில் வைத்து ஏழு பேரும் பின்பக்கத்தில் கையெழுத்திட்டோம். மேனேஜர் அதை வாங்கி, ஒவ்வொரு பெயராகப் படித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "ஆறு மணிக்கு கேட் திறந்திருக்கும்" என்றார்.

அதுவரை தள்ளி நின்ற போஜன் அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப நான் போயி குதிரைங்களுக்குக் கொள்ளு ஊற வெக்கறேனுங்க."

இன்று சனிக்கிழமை. இதைக் கூடார வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஏழு பேரும் வந்து சேர்ந்துவிட்டோம். காவேரி அக்கா இதே மலையில் கொழுந்து பறிக்கையில் விழுந்து ஒரு காலை இழந்தவர், கீழே எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருப்பவர். மேட்டுக்கு இதுவே முதல் முறை. விளிம்பில் உட்கார்ந்து கீழே பார்த்தவர் திடீரென்று கத்தினார்.

"அந்தா எங்க லயம்! மூணாவது தகரம் எங்க ஊடு! மழை வருது, துணி இன்னும் கொடியிலயே கெடக்கு பாருங்க! ஏ புள்ள, துணிய எடு!"

அவர் குரல் எட்டவில்லை. நாங்கள் ஏழு பேரும் சேர்ந்து கத்தினோம். வீட்டிலிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள். மறுபடியும் கத்தினோம். அதற்குப் பிறகுதான் அவள் மேலே பார்த்தாள்.

நாளை மாலைதான் இறங்குவோம். நீங்கள் சென்று வாருங்கள், அக்கா.