மூன்றாம் சுற்றில் நடந்தது

எங்கள் ஊரில் இன்றைக்கும் சித்தப்பாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சாம்பியன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தப் பட்டம் அவருக்குக் கிடைத்த மாலையில் நான் ரிங்கின் மூலையிலிருந்து நாலடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பத்து வயது. ஆகையால் அதைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது என்பது என் எண்ணம்.

ஒரகடத்தைச் சுற்றி வயல்கள் ஒவ்வொன்றாகக் கம்பெனிகளாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. அப்பாவின் தம்பியான சித்தப்பா ஒரு கம்பெனியின் கிடங்கில் வேலை செய்தார். அம்மாவின் தம்பியான மாமா, சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து தினமும் ஷேர் ஆட்டோவில் வந்து இன்னொரு கம்பெனியில் வேலை பார்த்தார். இருவரும் ஒரே இடத்தில் குத்துச்சண்டை பழகியவர்கள். இருவருமே கனத்த உடம்புக்காரர்கள்.

மாவட்டப் போட்டியில் அந்த வருஷம் ஹெவிவெயிட் பிரிவுக்குப் பெயர் கொடுத்தவர்கள் மொத்தமே நான்கு பேர். மற்ற எடைக்காரர்கள் நாலைந்து பேரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்க, இவர்களுக்கு இரண்டு சண்டையில் பட்டம். அதிலும் சித்தப்பாவோடு மோத வேண்டியவர் ரயிலைத் தவறவிட்டு, எடை பார்க்கும் நேரத்துக்கு வந்து சேரவில்லை. சித்தப்பா கையுறையை மாட்டாமலேயே இறுதிப் போட்டிக்குப் போய்விட்டார். மாமாவோ காலையில் குன்றத்தூர்க்காரர் ஒருவரோடு மூன்று சுற்றும் அடித்துக்கொண்டு, புருவம் வீங்கிய முகத்தோடுதான் மாலையில் ரிங்கில் ஏறினார்.

ஜெயிப்பவர் மாநிலப் போட்டிக்குப் போகலாம். அங்கே பெயரெடுத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசாங்க வேலைகூடக் கிடைக்கும். அம்மா இரண்டு டிபன் பாக்ஸில் சரிசமமாக அவித்த முட்டை வைத்து எடுத்து வந்திருந்தாள்.

முதல் சுற்று சித்தப்பாவுக்கு, இரண்டாவது மாமாவுக்கு என்று கூட்டம் பேசிக்கொண்டது. மதியம் பெய்த மழையில் நனைந்த ஷாமியானா, என் பக்கத்து மூலையில் சொட்டிக்கொண்டே இருந்தது. மூன்றாம் சுற்றில் மாமா பின்வாங்கி அந்த மூலைக்கு வந்தார். சித்தப்பாவின் வலது கை மாமாவின் தோளை உரசியது. அதே நேரத்தில் மாமாவின் கால் ஈரத்தில் சர்ரென்று வழுக்க, முழங்கால் தரையில் மோத விழுந்தார். ரெஃப்ரிக்கும் அந்தக் காலுக்கும் நடுவில் சித்தப்பாவின் அகன்ற முதுகு. குத்து வாங்கித்தான் விழுந்தார் என்று நினைத்து ரெஃப்ரி எட்டு வரை எண்ணினார். எழுந்த மாமா கடைசி மணி வரை வெளுத்து வாங்கினார். மூன்று நடுவர்களில் இரண்டு பேர் சித்தப்பாவுக்குத் தந்தார்கள்.

வீடு வந்து சேருவதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டாள். "வழுக்கினு வுழுந்தவனுக்கு இன்னாத்துக்கு எண்ணினாங்க?"

"உன் தம்பி தோத்ததுக்கு என் தம்பி இன்னா பண்ணுவான்?" என்றார் அப்பா.

அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. "எனக்கு செகண்ட் ஷிஃப்ட்டுனு உங்கம்மாகிட்ட சொல்லு" என்று அப்பா என்னிடம் சொல்வார், அம்மா இரண்டடி தள்ளி நின்றிருக்கும்போதே. ஒரு நாள் அம்மா புடவைகளை ஒரு பையில் அடுக்கிக் கதவோரம் வைத்தாள். அப்பா அதைத் தாண்டிக்கொண்டு வேலைக்குப் போனார். பை அங்கேயே இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் நண்பர்கள் எங்கள் வீட்டு வாசலில் பாராட்டு விழா வைத்தார்கள். பிரியாணி, மைக் செட், 'ஒரே குத்தில் சாய்த்த ஒரகடத்துச் சிங்கம்' என்று பேனர். மாமாவும் ஒரு சால்வையோடு வந்திருந்தார். மைக்கில் பேசியவர் அந்தக் குத்தை வர்ணிக்க வர்ணிக்க எனக்குப் பொறுக்கவில்லை. நாற்காலி மேல் ஏறி நின்றேன்.

"பொய்! சித்தப்பா குத்தவே இல்ல. மாமா தண்ணியில வழுக்கி வுழுந்தாரு. நான் பாத்தேன்!"

பிரியாணிக் கரண்டியின் சத்தம்கூட நின்றுவிட்டது. அப்பா என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். கதவருகே நின்ற அம்மாவின் முகத்தில் மட்டும் பல நாள் கழித்து ஒரு வெளிச்சம்.

சித்தப்பா கழுத்து மாலையைக் கழற்றினார். "பாப்பா சொல்றதுதான் எனக்கும் தோணிகினே கீது மச்சான். கை சரியா படல. நான் சங்கத்துல சொல்லிடறேன். மாநிலத்துக்கு நீ போ."

மாமா என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவை, அவள் காலடியில் இருந்த பையை, முகம் இறுகிப்போயிருந்த அப்பாவை. பிறகு பெரிதாகச் சிரித்தார்.

"குயந்த சொல்றத போயி கேட்டுகினு! குத்துதான் மச்சான். தோள்ல இறங்குன ஒடனே காலு நிக்கல. வாங்குனவனுக்குத் தெரியாதா?"

சால்வையை விரித்துச் சித்தப்பாவுக்குப் போர்த்தினார். "அக்கா, பசிக்குது. எனக்கும் மாமாவுக்கும் பக்கத்துல பக்கத்துல எலை போடு" என்றார். அவர் மாமா என்றது அப்பாவை. அம்மா இலை எடுத்து வந்தாள். அன்று மாலை புடவைகள் பீரோவுக்குத் திரும்பின.

சித்தப்பாவைப் பயிற்சிக்கு அழைத்துப் போனதும் மாமாதான். விடிந்ததும் இருவரும் ஒரகடம் ரோட்டில் ஓடுவார்கள், பிறகு ஒருவரையொருவர் குத்திக்கொள்வார்கள். மாநிலப் போட்டியிலும் சித்தப்பா ஒரே ஒரு நடுவரின் வித்தியாசத்தில்தான் ஜெயித்தார். வேலை கிடைத்தது, பட்டமும் நிலைத்தது. அதற்கு அவர் தகுதியானவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தகுதியானவர் இன்னொருவரும் இருந்தார், அவ்வளவுதான். அவர் பின்னாளில் மறைமலை நகரில் சூப்பர்வைசர் ஆனார். "சாம்பியன் கையால வாங்கினவன் நான்" என்று புதுப் பையன்களிடம் பெருமையடிப்பாராம்.

விழா முடிந்தபின் ஒரு மாதம் நான் மாமாவோடு பேசவில்லை. ஊர் முன்னால் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாரே! கடைசியில் ஒரு நாள் நேராகவே கேட்டேன்.

"ஏன் மாமா பொய் சொன்ன?"

"எது பொய்யி?" என்றார், உண்மையிலேயே தெரியாதவர்போல.

குத்துச்சண்டைக்காரர்களுக்குத் தலையில் அடிபட்டால் ஞாபகம் போய்விடும் என்று வகுப்பில் ஒருத்தி சொல்லியிருந்தாள். பாவம், மாமாவுக்கும் அப்படித்தான் ஆகியிருக்கிறது என்று முடிவுகட்டி, பெரிய மனதோடு அவரை மன்னித்துவிட்டேன்.