கமலவேணி நிறுத்திய பொய்க் கூச்சல்

போன செவ்வாய்க்கிழமை காலை, மருத்துவமனையிலிருந்து என் மனைவி கைப்பேசியில் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். எழுத்துக் கூட்டி வாசித்தேன்: ‘தங்கச்சி போயிட்டா.’ இந்த வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதற்காக முதல்முறையாக வருந்தினேன். இப்போது அந்த வருத்தம் இல்லை. கமலவேணியைப் பற்றி என் கையாலேயே எழுத முடிகிறது. அவர் ஜெயித்துவிட்டுப் போனவர்.

கமலவேணி என் மனைவியின் தங்கை. சுங்காய் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்த அந்தக் குடும்பத்திலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவர். ஈப்போவில் எங்கள் வீட்டு மேல்மாடியில் இருந்துகொண்டே, பல நாட்டாருடன் சேர்ந்து கம்பைலர் செய்தார். மனிதர் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றுவதும், தப்பு கண்டால் எச்சரிப்பதும் கம்பைலரின் வேலை.

அதில் ஓர் எச்சரிக்கை அவர் பொறுப்பு. நிரலில் ஒரு பொருள் இருக்கும் இடத்தைக் காட்டுவது சுட்டி. பொருள் அழிந்த பிறகும் சுட்டி அதே இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தால் ஆபத்து. கம்பைலர் கத்த வேண்டும். அதுவோ நல்ல நிரலைப் பார்த்தும் கத்தியது. கத்திக் கத்தி, யாரும் அதைக் காதில் வாங்குவதில்லை என்றாகிவிட்டது.

அவருடன் வேலை செய்த சேகர் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் வந்தார்.

“அக்கா, எல்லாரும் திட்டுறாங்க லா. கம்பைலரோட அடுத்த வெளியீட்டுல இந்த எச்சரிக்கையவே அடைச்சு நிறுத்திடலாம்னு பேசுறாங்க.”

“அடைச்சிட்டா, நெசமான தப்பு வரும்போது யாரு கத்துவா? நீ கத்துவியா?”

“நான் கத்துனா என் பொண்டாட்டியே திரும்பிப் பாக்க மாட்டா, அக்கா.”

கமலவேணி சிரித்தார். ஆனால் சோற்றைத் தொடவில்லை. பல ஆண்டு உழைப்பு அது. “வெளியீட்டுக்குள்ள பொய்க் கூச்சல நிறுத்திக் காட்டுறேன். இல்லாட்டி நீயே அடைச்சிடு” என்றார்.

முதல் திருத்தம் சரிவரவில்லை. பொய்க் கூச்சல் நின்றது; ஆனால் மெய்யான தப்புக்கும் கம்பைலர் வாய் திறக்கவில்லை. சோதனையில் தாமே அதைக் கண்டுபிடித்து, திருத்தத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

அந்த வாரம் என் மகளின் கல்யாணத்துக்கு உறவினரை அழைக்க நானும் கமலவேணியும் பாகான் டத்தோ ஊருக்குப் போனோம். பத்திரிகையைத் தபாலில் அனுப்பினால் எங்கள் சனம் கல்யாணத்துக்கு வராது. தாம்பாளத்தோடு நேரில் போக வேண்டும். கூடையில் தேங்காயோடு மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர், உறவினர் வீட்டைக் கைநீட்டிக் காட்டிவிட்டுப் போய்விட்டார். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

“அந்த ஆளு திரும்பி வரட்டும். இன்னொரு தடவ கேட்டுட்டுப் போலாம்” என்றேன்.

“வழி சொன்னவரு போயிட்டா வீடும் போயிடுமா, மாமா?” என்றவர், தாம்பாளத்தோடு நடு ரோட்டில் நின்றுவிட்டார். “என் கம்பைலரும் உங்கள மாதிரியேதான் இருக்கு! அவரு கூடைத் தேங்காயக் காட்டியிருந்தா, அவரோட அதுவும் போயிருக்கும். காட்டுனது வீட்ட. வீடு அங்கதான நிக்குது?”

அதன்படியே செய்தார். இடத்தைக் காட்டிவிட்டு மறைவது, தன்னிடம் இருந்ததைக் காட்டியதா, வேறெங்கோ நிலைத்து நிற்பதைக் காட்டியதா என்று கம்பைலர் முதலில் பார்க்கும்படி மாற்றினார். அதற்கும் தெரியாத இடங்களில், ‘இது நிற்கும்’ என்று நிரல் எழுதுபவரே சொல்லி வைக்க ஓர் அடையாளமும் சேர்த்தார். பொய்க் கூச்சல் பெரும்பாலும் அடங்கியது. மெய்யான தப்பு ஒன்றும் தப்பவில்லை.

முடிவு வந்த அன்று மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தார். “மாமா, அடைக்கல! நம்ம எச்சரிக்கை இருக்கு!” என் மனைவி பாயசம் வைத்தாள். நோய் அதன் பிறகுதான் வெளிப்பட்டது.

தகனத்தன்று சேகர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஐயா, நேத்து நான் எழுதுன நிரலப் பாத்து கம்பைலர் ஒரே ஒரு தடவ கத்துச்சு. முன்னயா இருந்தா தள்ளிட்டுப் போயிருப்பேன். அக்கா திருத்துனதாச்சேன்னு நின்னு பாத்தேன். நெசமாவே தப்பு லா, ஐயா!”

அழுதுகொண்டே சிரித்தார். சாவு வீடு என்பதையும் மறந்து நான் கைதட்டிவிட்டேன். என் மனைவி முறைத்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு, அவளும் கைதட்டினாள்.

கமலா, கத்த வேண்டியதற்குக் கத்தியது. கேட்க வேண்டியவர் கேட்டார். போய் வாம்மா.