முன்வரிசையில் சிரித்த மேனேஜர்

அண்ணே, நீ செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சமூக நிலைய டிவியில் ஆபீஸ் நாடகம் ஓடியது. ஃபைல் எங்கே என்றே தெரியாத மேனேஜர், ரகசியமாகக் காதலிக்கும் கிளார்க், டைப்பிஸ்ட். முன்வரிசையில் உன் மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இப்படியும் ஒரு மடையன் இருப்பானா லா?"

உன் சவப்பெட்டி அருகில் நின்று, "ஆபீஸ் அலமாரி சாவிய எங்க வச்சான்மா?" என்று உன் ஆபீஸ் டைப்பிஸ்டிடம் கேட்டவர் இவர்தான். உங்கள் இருவரின் காதல் என்னைத் தவிர யாருக்கும் தெரியாததால் அவள் அன்று அழக்கூட இல்லை.

நாடகத்தில் இருவரும் கைகோத்ததும், என் பக்கத்தில் இருந்த உன் டைப்பிஸ்ட் தேம்பிவிட்டாள். மேனேஜர் திரும்பினார்.

"காமெடிக்கு எதுக்கும்மா அழுவுற?"

"எங்க அண்ணி சார் அவங்க. அண்ணனுக்காக அழுவுறாங்க," என்றேன்.

படிக்கிறவர்களே, என் அண்ணனுக்காக மாதாவிடம் 'அருள் நிறைந்த மரியே' என்று ஒரு பிரியதத்த மந்திரம் சொல்லுங்கள். அண்ணியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.