திருவலைப் பலகையில் கலந்த திருநீறு

தொழில்நுட்பக் கல்லூரி ஆய்வுகூடத்தில் என் வேலை பொருள்களை முறித்துப் பார்ப்பது. வாழைநாரை ரெசின் பசையில் தோய்த்து மாணவர்கள் தகடு செய்து கொண்டுவருவார்கள். அதை இயந்திரத்தில் வளைத்து, எவ்வளவு பாரத்தில் முறிகிறது என்று எழுதிக் கொடுப்பேன். அந்தத் தலைக்கனத்தில்தான் மனைவியிடம் வாய்விட்டேன்.

ஏறியிருந்து தேங்காய் திருவும் எங்கள் வீட்டுத் திருவலைப் பலகையைக் கறையான் அரித்திருந்தது. ஒருநாள் தேங்காய் திருவும்போது பலகை ஆட, அலகு அவள் உள்ளங்கையைக் கீறிவிட்டது. தச்சனைக் கூப்பிடுவோம் என்றாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நானிருக்கத் தச்சனா? கறையான் தொடாத பலகையை நீர்வேலித் தோட்டத்து வாழைநாரில் நானே செய்து தருகிறேன், இனி உன் கையில் ஒரு கீறல் விழாது என்று சொல்லிவிட்டேன்.

முதல் பலகை பிள்ளையைப் போடும் ஏணைபோலத் தொய்ந்தது. அவள் அதன்மேல் ஏறியிருந்து பார்த்துவிட்டு எழுந்து, பழைய பலகையையே எடுத்துக்கொண்டு போனாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நாரோடு நுண்ணிய தூளும் சேர்ந்தால்தான் விறைப்பு வரும். ஆய்வுகூடத்தில் உடைத்த முட்டையின் கோதைக் காயவைத்து அரைத்துப் போடுவோம். ஆனால் அது கந்தசட்டி விரத நேரம். முட்டைக்கோது எங்கள் வாசற் படலையைத் தாண்டி உள்ளே வராது. யோசித்துக்கொண்டு நின்றபோது சாமியறையில் திருநீறு நிரம்பிய தகரப் பேணி கண்ணில் பட்டது. அதுவும் சாம்பல்தானே, அதுவும் நன்றாகச் சலித்த சாம்பல்.

கூடப் போட்டால் பலமும் கூடும் என்று அரைப் பேணியைக் கொட்டினேன். ரெசின் முழுவதையும் தூளே குடித்துவிட, நாருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. நான் ஏறி நின்றதும் பலகை பப்படம்போல நொறுங்கியது. மாணவர்கள் விட்டால் நான் சிரிக்கிற பிழை அது. அடுத்ததில் அளவோடு சேர்த்தேன். இரண்டு மூட்டை சீமெந்து ஏற்றியும் அசையவில்லை.

விரதம் முடிக்கிற பாறணைச் சமையலன்று அலகைப் பூட்டி அவள் முன் வைத்தேன். “இனிப் பயமில்லாமல் இரும்,” என்றேன். இருக்கக் குனிந்தவள், இவ்வளவு விறைப்பு எப்படி வந்தது என்று கேட்டாள். பெருமை தாங்காமல் உள்ளதைச் சொன்னேன். அவள் பாதியிலேயே நிமிர்ந்துவிட்டாள்.

“திருநீற்றுக்கு மேலையோ என்னை இருக்கச் சொல்லுறியள்?”

ரெசினில் கலந்த பிறகு அது வெறும் நிரப்புப் பொருள் என்று விளக்கினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு அலகைக் கழற்றி, பலகையைக் கழுவித் துடைத்து, சாமியறைக்குக் கொண்டுபோய் அதன்மேல் பிள்ளையாரை வைத்தாள். திரும்பி வந்து கறையான் அரித்த பழைய பலகையை என் பக்கம் தள்ளினாள்.

“இனி நீங்களே திருவுங்கோ.”

கடைசியில் நானே கூப்பிட்ட தச்சன், நாளைக்கு வாறன் என்று சொல்லிச் சொல்லியே நாளைக் கடத்துகிறான். நான் ஒவ்வொரு காலையும் ஆடுகிற பலகையில் ஏறியிருந்து தேங்காய் திருவுகிறேன். என் கையில் இரண்டு கீறல். அவள் கையில் புதிதாக ஒன்றுமில்லை. நான் கொடுத்த வாக்கும் அதுதானே.