வெள்ளம் வந்தாச்சு

எங்கள் ஊரில் குழாயில் வருவது வெள்ளம். குடிப்பதும் வெள்ளம்தான், குளிப்பதும் வெள்ளம்தான். சென்னைக்காரர்களுக்கோ வெள்ளம் என்றால் படகில் ஏறித் தப்பிக்க வேண்டிய சமாச்சாரம். நாகர்கோவிலில் வீட்டில் இருந்தபடி சென்னை கம்பெனிக்கு வேலை பார்க்கும் எனக்கு இது தெரியாதா என்ன? தெரியும். அவசரத்தில் வாயில் இருந்த சொல்தான் விரலிலும் வந்தது.

கெர்னலில் நெட்வொர்க் பகுதியைத் திருத்துவது என் வேலை. ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடிமடி அது. அங்கே ஒரு வரி பிசகினாலும் கணினி முழுசாக உறைந்துபோகும். அப்படித்தான் ஒரு நாள் கம்பெனிக் கணினி ஒன்று உறைந்தது. டீம் லீடர் விசாரிக்கக்கூட இல்லை. காரணம் என் திருத்தம் என்று அறிக்கையில் என் பெயரை எழுதிவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. கம்பெனி சர்வருக்குள் இரண்டு விஎம்களை, அதாவது நிஜக் கணினிபோல நடிக்கும் இரண்டு கணினிகளை, உருவாக்கினேன். என் திருத்தத்தை எடுத்துவிட்டு, ஒன்றிலிருந்து மற்றதற்கு ஓயாமல் தரவுப் பாக்கெட்டுகளை அனுப்ப வைத்தேன். மூன்றாம் நாள் காலை ஒன்று உறைந்தது. என் திருத்தம் இல்லாமலே உறைந்தது! அந்த நிலையிலேயே அதன் நினைவகத்தைப் பிரதி எடுத்தால் எந்த வரி குற்றவாளி என்று தெரிந்துவிடும். அணைத்துவிட்டால் தடயம் எல்லாம் போய்விடும்.

அந்நேரம் பார்த்துக் குழாய் சீறியது. நாலைந்து நாளைக்கு ஒருமுறை வருவது, அதுவும் அரைமணி நேரம். டீம் குரூப்பில், "விஎம் உறைஞ்சிட்டு. வெள்ளம் வந்தாச்சு, இப்ப வாறேன்" என்று தட்டிவிட்டு ஓடினேன்.

குடங்களை நிறைத்துவிட்டு வந்து பார்த்தால் இரண்டு விஎம்களும் அணைந்து கிடந்தன. பாக்கெட்டுகள் வெள்ளமாகப் பாய்ந்து சர்வரை மூழ்கடிக்கின்றன என்று என் செய்தியைப் படித்து நினைத்துக்கொண்டு லீடர் நிறுத்திவிட்டாராம். ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை அவருக்கு. போன் போட்டுக் கத்தினேன். "தமிழ்ல தண்ணின்னு சொல்லியிருக்கலாமே" என்று சிரித்தார். அப்படியானால் நான் பேசுவது என்ன மொழியாம்?

மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டேன். ஐந்தாம் நாள் உறைந்தது. அன்றும் குழாய் சீறியது. நான் நாற்காலியை விட்டு அசையவில்லை. பிரதி எடுத்துப் பார்த்தால், குற்றவாளி லீடரே எப்போதோ எழுதிய வரி.

சரிசெய்து அனுப்பினேன். யார் எழுதிய எந்தப் பழைய மாற்றத்தைச் சரிசெய்கிறோம் என்று அடியில் ஒரு வரி போடுவது எங்கள் வழக்கம். போட்டேன். உடனே லீடர் கூப்பிட்டார். குரல் பஞ்சுபோல இருந்தது.

"அந்தக் கடைசி வரி மட்டும் வேணாமே" என்றார்.

என் பெயரை எழுதும்போது இந்தத் தயக்கம் எங்கே போயிருந்தது? அந்த வரியை நான் எடுக்கவில்லை.

"வெள்ளம் வந்தாச்சு சார், பிறகு பேசுவோம்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

குழாய் காய்ந்துதான் கிடந்தது.