பூங்காவனம் அக்காவும் இடப்பக்கச் சக்கரமும்

சென்ற வியாழக்கிழமை காலை, கடையில் ஒரு கார்ச் சக்கரத்துக்குப் பெயின்ட் படாமலிருக்க மறைப்புத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தபோது அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. “பஸ் கிடைக்கலையாக்கா?” என்றேன். மறுமுனையில் வேறொரு பெண் குரல்.

“நான் எதிர்வீடு பேசுறேன். அந்தம்மா தூக்கத்துலயே போய்ட்டாங்க. போன்ல பாத்தா எல்லாம் உங்க நம்பராத்தான் கீது. அதான் உங்களுக்கு அடிச்சேன். நீங்க இன்னா ஒறவு?”

“கூட வேலை செய்றவன்” என்றேன்.

எங்கள் கடை மந்தைவெளியில் ஒரு சந்தில் இருக்கிறது. காரை ஓரம் கட்டும்போது நடைபாதைக் கல்லில் உரசி, அலாய் சக்கரத்தின் விளிம்பு சொரசொரத்துப் போகும். வண்டி ஓட அதனால் ஒரு குறையும் இல்லை, பார்க்கத்தான் அசிங்கம். அதைச் சரிசெய்வதுதான் எங்கள் தொழில். தேய்த்து, பட்டி பூசி, சமப்படுத்துவது நான். நிறம் கலந்து அடிப்பது பூங்காவனம் அக்கா.

இங்கே வருமுன் அவர் கோடம்பாக்கத்தில் சினிமா செட்டுகளுக்குப் பெயின்ட் அடித்தவர். பலகையைப் பளிங்காக்குவார், அட்டையைக் கருங்கல்லாக்குவார். அங்கே வேலை குறைந்ததும் எங்கள் கடைக்கு வந்தார். வந்த முதல் நாளே நான் நீட்டிய வெள்ளிப் பெயின்ட் டப்பாவைத் தள்ளி வைத்தார். “வெள்ளின்னு ஒரே கலரு கெடையாது நைனா. எத்தினி காரு கீதோ அத்தினி வெள்ளி” என்றார். அந்தச் சக்கரத்தை வெயிலுக்கு எடுத்துப் போய் வைத்துக்கொண்டு, அதற்கான வெள்ளியைச் சொட்டுச் சொட்டாகக் கலந்தார்.

அப்போது அவர் குடியிருந்தது அடையாற்றங்கரைக் குடிசையொன்றில். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. ஆனாலும் வாசலில் எந்நேரமும் நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். பிறகு அரசு அந்தக் குடிசைகளை அகற்றி, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளில் வீடு கொடுத்தது. பழகியவர்கள் ஆளுக்கொரு கட்டடமாகப் பிரிந்துபோனார்கள். “வூடு நல்லாத்தான் கீது. கதவைச் சாத்துனா சாத்துனதுதான், தட்டத்தான் ஆளில்ல” என்று ஒருமுறை சொன்னார். அதன்பின் அதைப்பற்றிப் பேசியதில்லை. விடுமுறை நாளிலும் பஸ் ஏறிக் கடைக்கு வந்துவிடுவார். பூட்டிய கதவின் முன்னால் அவர் உட்கார்ந்திருந்ததைப் பக்கத்துக் கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வரதன் சார் எங்களிடம் வர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். மைலாப்பூரில் தனியாக இருந்தவர், மனைவியை இழந்தவர். ஒரே மகள் வெளிநாட்டில். சக்கரத்தை உரசிக்கொண்டு வருவார், சரிசெய்து அனுப்புவோம், சில வாரங்களில் மறுபடி வருவார். ஒருநாள் அக்கா சக்கரத்தின் எதிரில் குந்தி வெகுநேரம் பார்த்துவிட்டு எழுந்தார்.

“எல்லாம் எடப்பக்கமே கீது. கண்ணு தெரியுதா சார்?”

வரதன் சார் முகம் மாறியது. “இடக்கண் மங்கிடுத்துன்னு டாக்டர் சொல்லிட்டார்” என்றார் மெதுவாக. “இன்னும் ஆறு மாசத்துல பொண்ணு வரா. வந்ததும் காரைத்தான் சுத்திச் சுத்திப் பார்ப்பா. கீறல் இருந்தா சாவியைப் பிடுங்கிண்டுடுவா. நீங்க பூசிக் குடுங்கோ.”

“மாட்டேன் சார். இன்னிக்குக் கல்லு. நாளிக்கு ஒரு கொழந்தையா இருந்தா?”

“அப்போ நான் ஆத்துலயே சுவரைப் பாத்துண்டு உக்காந்திருக்கணுமா?”

வரதன் சார் கோபத்தோடு கிளம்பிப் போய்விட்டார். அன்று அக்கா கலந்த எந்த நிறமும் பொருந்தவில்லை. சாயங்காலம் கை கழுவும்போது, “நைனா, கார் ஓட்டக் கத்துக்கணும். எங்க போணும்?” என்றார்.

ஐம்பதைத் தாண்டியவர். முதல் தேர்வில் தோற்றார், அடுத்ததில் தேறினார். உரிமம் கைக்கு வந்ததும் நேராக வரதன் சார் வீட்டுக்குப் போய், “சாவியக் குடு சார். நீ எடப்பக்கம் குந்து” என்றாராம்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் காலையில் இருவரும் புறப்படுவார்கள். அடையாறு வழியாகப் பெசன்ட் நகர் கடற்கரை, திரும்பும் வழியில் காபி. அடையாறு சிக்னலில் ஒருமுறை அவர்களைப் பார்த்தேன். அக்கா ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வரதன் சார் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். நான் கையசைத்தேன். இருவருமே கவனிக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை அதே கார் கடைக்கு வந்தது, இடப்பக்கச் சக்கரத்தில் நீளமான கீறலோடு. “இந்தத் தடவை நான் இல்லை!” என்று வரதன் சார் குழந்தையைப்போலச் சிரித்தார். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். பட்டியை எடுக்கப் போன என்னைச் சார் தடுத்தார். “இருக்கட்டும். அவா போட்டது, அப்படியே இருக்கட்டும்.”

மகள் எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே வந்துவிட்டார். சக்கரத்தைப் பார்த்து, “யாருப்பா இடிச்சது?” என்று கேட்டார். அன்று ஞாயிறு என்பதால் அக்காவும் அங்கே இருந்தார். “நான்தான்மா” என்று அவர் வாய் திறப்பதற்குள் வரதன் சார், “நான்தான் இடிச்சேன்” என்றாராம். அக்கா எவ்வளவு சொல்லியும் மகள் நம்பவில்லை. மகளைக் குறை சொல்லவும் முடியாது. அப்பாவுக்கு என்னாகுமோ என்று தூக்கமே வருவதில்லை என அழுதிருக்கிறார். காரை விற்று, அப்பாவைத் தம்மோடு அழைத்துப் போய்விட்டார்.

“எம்மேல பழி வரக்கூடாதுன்னு சொல்ட்டாரு நைனா. சும்மா இருந்திருக்கலாம்” என்றார் அக்கா. முகமூடியை மாட்டிக்கொண்டு பெயின்ட் அடிக்கப் போனார். சில ஞாயிறுகளில் வரதன் சார் அங்கிருந்து போன் செய்தார். பிறகு அதுவும் நின்றது. அக்கா மறுபடியும் விடுமுறை நாட்களில் வர ஆரம்பித்தார். நானும் சாக்குச் சொல்லிக் கடையைத் திறந்து வைத்தேன். ஆளுக்கொரு மூலையில் வேலை பார்த்தோம்.

அந்த வியாழக்கிழமை பெரும்பாக்கத்தில் நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். யாருக்கும் அக்காவின் பெயர்கூடச் சரியாகத் தெரியவில்லை. “காலீல போவாங்க, இருட்டுனதும் வருவாங்க. இன்னா வேல செஞ்சாங்க?” என்று போன் செய்த பெண் கேட்டார். அமரர் ஊர்தி வரும்வரை மாடிப்படியில் நின்று இதையெல்லாம் சொன்னேன். கோடம்பாக்கத்துப் பளிங்கையும், சொட்டுச் சொட்டாகக் கலந்த வெள்ளியையும், ஞாயிற்றுக்கிழமைக் கடற்கரையையும் சொன்னேன். “இந்தம்மாவா கார் ஓட்டுச்சு?” என்று ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கேட்டவர்கள் கீழே போய்ச் சொன்னார்கள், மேலே போய்ச் சொன்னார்கள்.

கொள்ளி வைக்க உறவென்று யாரும் இல்லாததால் நானே சட்டியை ஏந்தினேன். வண்டி நகரும்போது நிமிர்ந்து பார்த்தேன். தளத்துக்குத் தளம், கைப்பிடிச் சுவர் நெடுக ஆட்கள் வந்து நின்றிருந்தார்கள். வண்டி திரும்பி மறையும்வரை ஒருவரும் உள்ளே போகவில்லை.

அக்கா, அத்தனை கதவுகளும் உங்களுக்காகத் திறந்திருந்தன. பார்த்துவிட்டுப் போங்கள்.