எண்ணெய்க் கறை படிந்த தூக்கம்

என் மேசை இழுப்பறையில், ஓரத்தில் நல்லெண்ணெய்க் கறை படிந்த ஒரு தாள் இருக்கிறது. அது பெரியப்பாவின் தூக்கம். புதுக்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் இ.இ.ஜி. டெக்னீஷியனாக நான் சேர்ந்த முதல் வருடம். தலையில் கம்பிகளை ஒட்டி மூளையின் அலைகளைப் பதிவு செய்வதுதான் வேலை. பெரியப்பா வந்த அன்று காலை ஒரு கல்லூரிப் பெண்ணின் தூக்கத்தைப் பதிவு செய்திருந்தேன். மாலையில் பெரியப்பாவுடையதை அதன் பக்கத்தில் வைத்தபோது சட்டென்று உறைத்தது: முடி நரைப்பது மாதிரி தூக்கத்துக்கும் வயதாகிறது!

பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற பெரியப்பா, அன்னவாசல் பக்கம் சொந்தமாக ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் காலை, ஒரு சிறுமி காத்து நின்ற நிறுத்தத்தை நிற்காமல் தாண்டிவிட்டார். பின்னாலிருந்த பிள்ளைகள் கத்திய பிறகுதான் பிரேக். "கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. ஆளுதான் இங்கிட்டு இல்ல" என்று வீட்டுக்கு வந்து அவரே சொன்னார். சின்ன வலிப்பாக இருக்கலாம், தூக்கத்தில் ஒரு பதிவு எடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அதுவரை வேனைத் தொடக் கூடாது. சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டு ஒரு வாரம் யாரோடும் பேசாமல் திரிந்தார் பெரியப்பா.

தலையில் எண்ணெய் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். மனிதர் பளபளவென்று வந்து நின்றார். "சனிக்கெழம எண்ணெய் தேய்க்காம இருப்பாகளா? சீயக்காய் போட்டாச்சு, போயிருக்கும்." கம்பிகள் ஒன்றுகூட நிற்கவில்லை. ஷாம்பு போட்டு இரண்டு முறை அலசிவிட்டுப் படுக்க வைத்தால், கண்ணை மூட மறுக்கிறார்.

"எண்ணெய் தேச்ச அன்னைக்குப் பகல்ல தூங்கக் கூடாது ஆத்தா. சளி புடிக்கும்."

"சளிக்கு மாத்திரை தாரேன். தூங்குங்க பெரியப்பா."

கூட வந்த பெரியம்மா பொறுக்கமாட்டாமல், "வேன்ல மட்டும் தூங்குவாரு, மெத்தையில தூங்க மாட்டாராம்!" என்றுவிட்டார். அதற்குப் பிறகு பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

திரையில் அவருடைய தூக்கம் வந்தது. ஆழ்ந்த தூக்கத்தில் அந்தக் கல்லூரிப் பெண்ணுக்கு உயர உயர எழுந்த அலைகள், இவருக்குத் தாழ்ந்தே கிடந்தன. அதுவும் கொஞ்ச நேரம்தான், உடனே விழிப்பு. அன்றைக்கு நடந்ததையெல்லாம் மூளை பத்திரப்படுத்துவது அந்தப் பெரிய அலைகளின் நேரத்தில்தான் என்று படித்திருக்கிறேன். "மூணு மணிக்கே முழிப்பு வந்துருது" என்று அவர் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். "பகல்ல தூங்குனா அப்படித்தான்" என்று சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. ராத்திரி கிடைக்காததைத்தான் பகலில் திண்டாடிப் பொறுக்கியிருக்கிறார். அதை நினைக்க வெட்கமாக இருந்தது.

எண்ணெய்ப் பிசுக்குப் போகாத விரல்களாலேயே பெரியப்பா இரண்டு தாள்களையும் வாங்கிப் பார்த்தார். "அந்தப் புள்ளைக்குக் கம்மா நெறஞ்சு அலையடிக்குது. எனக்கு வத்திருச்சாக்கும்?"

"வத்தல. அலைதான் தணிஞ்சிருக்கு."

வலிப்பு இல்லை என்றார் டாக்டர். வயதுக்கேற்ப மெலிந்த தூக்கம், அதனால் பகலில் நொடி நேரம் கண் அயர்வது. தூக்கம் சீராகும்வரை ஓட்ட வேண்டாம். "அது சீராகுறப்ப ஆகட்டும். புள்ளைங்க உசுரு" என்று பெரியப்பா அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்துப் பெரியம்மா கையில் வைத்தார். முடிச்சை அவிழ்க்கத்தான் வெகுநேரம் ஆனது.

இப்போது அதே வேனில் கதவோரம் உட்கார்ந்து பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறார். ஒவ்வொரு நிறுத்தத்தையும் புது டிரைவருக்கு முன்னாலேயே சத்தமாகச் சொல்கிறார்.

எனக்கு இருபத்தாறு வயது. வரும் ஞாயிற்றுக்கிழமை என் தூக்கத்தையே பதிவு செய்யப்போகிறேன். கம்பி ஒட்டத் தோழி வருகிறாள். பத்து வருடத்துக்கு ஒருமுறை எடுத்து, இந்தக் கறைத்தாளுக்கு அடியில் அடுக்க வேண்டும். அலை எப்படித் தணிகிறதென்று என்னிடமே பார்த்துவிட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கப் பெரியப்பாவும் வருகிறார். நேற்றே போனில் எச்சரித்துவிட்டார்:

"எண்ணெய் கிண்ணெய் தேச்சுக்கிட்டு வந்து நிக்காத ஆத்தா."